விண்கப்பலுக்கு எந்த உடல்? ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ விளையாட்டில் ஒரு கணக்குப் பாடம்

என் சித்தி பையன் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தான். புது லேப்டாப் வாங்கிய கையோடு, “அண்ணா, ஏதாவது நல்ல கேம் சொல்லுங்க, ஆனா என் லேப்டாப்ல ஓடணும்” என்று கேட்டான். நான் சொன்னது ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’. மூன்று வாரம் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன் வந்தது.

“அண்ணா, இருக்கிறதிலேயே பெரிய கப்பலா ஒண்ணு கட்டினேன். பதினாலு வருஷம் ஆச்சு கட்டி முடிக்க. ரெண்டே சண்டையில போயிடுச்சு. இனி எதைக் கட்டறதுண்ணா?”

பதினாலு வருஷம் என்று அவன் சொன்னது விளையாட்டுக் கணக்கில். அதற்காக அவன் உட்கார்ந்திருந்த இரவுகள் நிஜம். அவனுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் இரண்டு லாபம் உண்டு. ஒன்று, நல்லதொரு விளையாட்டு அறிமுகமாகும். இரண்டு, எக்ஸெல்லைத் திறந்து ஒரு சின்னக் கணக்குப் போடவும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் விளையாட்டைப் பற்றி

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 1993-ல் டாஸ் இயங்குதளத்துக்காக வந்தது. ஸ்டீவ் பார்சியா வடிவமைக்க, சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. மைக்ரோபுரோஸ் வெளியிட்டது. பத்து இனங்களில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கி.பி. 2300-ல் ஒரே ஒரு கிரகம், இரண்டு வேவுக் கப்பல்கள், ஒரு குடியேற்றக் கப்பல் ஆகியவற்றோடு ஆரம்பிக்கிறீர்கள். ‘நெக்ஸ்ட் டர்ன்’ பட்டனை ஒரு முறை அழுத்தினால் ஒரு வருடம் ஓடும். ஆராய்வது, பரவுவது, வளங்களைப் பயன்படுத்துவது, எதிரியை ஒழிப்பது ஆகிய நான்கும்தான் ஆட்டம். இந்த நான்குக்குமான ஆங்கிலச் சொற்களில் உள்ள எக்ஸ் ஒலியை வைத்து இவ்வகை விளையாட்டுகளை இன்று ‘ஃபோர் எக்ஸ்’ என்கிறார்கள். 1993-ல் இந்த விளையாட்டைப் பற்றி ஆலன் எம்ரிச் என்பவர் எழுதிய முன்னோட்டக் கட்டுரையில்தான் அந்தப் பெயர் பிறந்தது.

கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. விரல் வேகமும் தேவையில்லை. நீங்கள் பட்டனை அழுத்தும் வரை கம்ப்யூட்டர் காத்திருக்கும். எழுந்து போய் காபி குடித்துவிட்டும் வரலாம்.

இன்றைய விண்டோஸில் பழைய டாஸ் புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பது போல நடித்து அவற்றை ஓட்டும். ஜிஓஜி தளத்தில் இந்த விளையாட்டை இரண்டாம் பாகத்தோடு சேர்த்து விற்கிறார்கள். அதில் டாஸ்பாக்ஸும் உள்ளேயே வந்துவிடும், நீங்கள் எதையும் அமைக்க வேண்டியதில்லை. ‘முழு கேமும் இலவசம்’ என்று அழைக்கும் முகம் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள். விளையாட்டோடு வேறு என்னென்ன உங்கள் கம்ப்யூட்டரில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு கீகளை மட்டும் நினைவில் வையுங்கள். திரை முழுவதும் விரிய, அல்லது பழையபடி சுருங்க, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு என்டர் தட்டவும். மவுஸ் டாஸ்பாக்ஸுக்குள் மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலுடன் எஃப்10 அழுத்தவும். இது தெரியாமல் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்தவர்கள் உண்டு. சித்தி பையன் அவர்களில் ஒருவன்.

ஹல் என்றால் என்ன?

லாரி வாங்குகிறவர்கள் சேஸிஸை வாங்கி, பிறகு தேவைக்கேற்ப பாடி கட்டுகிறார்கள் அல்லவா? இங்கே அது தலைகீழ். முதலில் வெற்று உடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஹல். பிறகு அதற்குள் இஞ்சின், ஆயுதம், ஷீல்டு, குறிபார்க்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். திரையின் அடியில் உள்ள ‘டிசைன்’ பட்டனைக் கிளிக் செய்தால் இந்த வேலை நடக்கும் பக்கம் வரும்.

உடல்கள் நான்கு அளவில் கிடைக்கின்றன: ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ். விலையை பி.சி. என்ற பணத்தில் சொல்வார்கள். இடம் என்பது உள்ளே எவ்வளவு அடைக்கலாம் என்பது. உயிர் என்பது உடையும் வரை எவ்வளவு அடி தாங்கும் என்பது. ஆட்டத் தொடக்கத்தில், சாதாரண டைட்டானியம் கவசத்தோடு, அடிப்படை அளவுகள் இவை:

ஸ்மால்: விலை 6, இடம் 40, உயிர் 3
மீடியம்: விலை 36, இடம் 200, உயிர் 18
லார்ஜ்: விலை 200, இடம் 1000, உயிர் 100
ஹியூஜ்: விலை 1200, இடம் 5000, உயிர் 600

சித்தி பையன் இதைப் பார்த்ததும் 600 என்ற எண்ணில் மயங்கிவிட்டான். யாரும் மயங்குவார்கள். நீங்கள் மயங்கும் முன் எக்ஸெல்லைத் திறவுங்கள். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் போதும், வேலை ஒன்றுதான்.

முதல் பத்தியில் நான்கு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். அடுத்த மூன்று பத்திகளில் விலை, இடம், உயிர் எண்களைக் கொடுங்கள். ஐந்தாவது பத்தியில், ஸ்மால் வரிசைக்கு நேராக உள்ள கட்டத்தில் கர்சரை வைத்து, சமக் குறியை டைப் செய்யுங்கள். இப்போது ஸ்மாலின் இடம் உள்ள கட்டத்தை மவுஸால் கிளிக் செய்யுங்கள். சாய்கோட்டை டைப் செய்யுங்கள். விலை உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 6.67 என்று விடை வரும் (தசமப் புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் வந்தால் கவலை வேண்டாம்). விடை வந்த கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது பாருங்கள். அதைப் பிடித்துக் கீழே மூன்று வரிசை இழுத்தால் மற்ற கணக்குகளை அதுவே போட்டுவிடும். ஆறாவது பத்தியில் இதே போல உயிரை விலையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பி.சி. பணத்துக்குக் கிடைக்கும் இடம் ஸ்மாலில் 6.67, மீடியத்தில் 5.56, லார்ஜில் 5, ஹியூஜில் 4.17. அதாவது உடல் பெரிதாகப் பெரிதாக இடத்தின் விலை ஏறுகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நமக்குப் பழகிய கணக்கு. இங்கே நேர் எதிர்.

ஆறாவது பத்தியைப் பாருங்கள். நான்கு வரிசையிலும் 0.5. நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது ஃபார்முலா தப்பு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். தப்பு இல்லை. ஒரு ஹியூஜ் கட்டும் 1200 பணத்தில் 200 ஸ்மால் கட்டலாம். அந்த 200-க்கும் சேர்த்து உயிர் அதே 600. உள்ளே கிடைக்கும் இடமோ 5000 அல்ல, 8000. போதாததற்குச் சின்னக் கப்பல்களைக் குறிபார்த்து அடிப்பதும் கஷ்டம்.

அப்படியானால் பெரிய உடல் எதற்கு?

இங்கேதான் விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. சில பொருள்கள் சின்ன உடலுக்குள் நுழையவே நுழையாது. புதுக் கிரகத்தில் மக்களைக் குடியேற்றும் கருவிக்கு 700 இடம் வேண்டும். மீடியத்தின் மொத்த இடமே 200. ஆகவே குடியேற்றக் கப்பல் என்றால் ஆரம்பத்தில் லார்ஜ்தான். அந்தக் கப்பல் தொடக்கத்தில் 3 பார்செக் தூரம்தான் போகும். கூடுதல் எரிபொருள் டாங்க் பொருத்தினால் இன்னும் 3 பார்செக் போகலாம். ஆனால் குடியேற்றக் கருவி, டாங்க் இரண்டையும் லார்ஜுக்குள் அடைக்க முடியாது. பக்கத்தில் நல்ல கிரகமே இல்லாத மூலையில் நீங்கள் மாட்டிக்கொண்டால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு ஹியூஜ் குடியேற்றக் கப்பல் கட்டுவது தண்டச் செலவு அல்ல. ஆரம்ப காலத்தில் ஹியூஜுக்கு நான் ஒத்துக்கொள்ளும் காரணம் இது ஒன்றுதான்.

எந்த உடலானாலும் நான்கு வகை ஆயுதங்கள், மூன்று சிறப்புக் கருவிகள் வரை வைக்கலாம் என்பது விதி. விதி அனுமதித்தாலும் இடம் அனுமதிக்க வேண்டுமே! ஷீல்டு, கவசம், குறிபார்க்கும் கம்ப்யூட்டர் போன்றவை உடலின் அளவுக்கு ஏற்பத் தாங்களும் பெரிதாகும், சிறிதாகும். ஆயுதம் அப்படியல்ல. லேசர் துப்பாக்கி ஸ்மாலில் எவ்வளவு பெரிதோ, ஹியூஜிலும் அதே அளவுதான். அதோடு ஒவ்வோர் ஆயுதத்துக்கும் மின்சக்தி வேண்டும், அதைக் கொடுக்க இஞ்சின் வேண்டும், அந்த இஞ்சினும் இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் கிடைக்கும் ஸ்மால் போர்க்கப்பலில் ஒற்றை லேசரோடு இடம் தீர்ந்துவிடுகிறது.

சண்டையில் நடக்கும் கணக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒரே டிசைனில் கட்டிய கப்பல்கள் சண்டையில் ஒரே கும்பலாக நிற்கும். எதிரியின் ஒரு குண்டு அந்தக் கும்பலில் பட்டால், அது அதிகபட்சம் ஒரு கப்பலைத்தான் உடைக்கும். மீதி வலு வீண். 3 உயிர் உள்ள ஸ்மால் மீது 20 வலுவுள்ள குண்டு விழுந்தால், ஒரு ஸ்மால் போகும், மீதி 17 காற்றோடு போகும்.

ஓர் எதிரி ஒரு சுற்றில் மொத்தம் 80 அளவு அடிக்கிறான், எல்லாமே குறி தப்பாமல் படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவன் 20 வீதம் 4 குண்டு சுட்டால், உங்கள் 200 ஸ்மால்களில் 4 போகும். 196 மிச்சம். அதே எதிரி 1 வீதம் 80 குண்டு சுட்டால் எதுவும் வீணாகாது. 26 கப்பல்கள் போய், 27-வது கப்பல் காயத்தோடு நிற்கும். ஆக, சின்னக் கப்பல் நல்லதா கெட்டதா என்பது உங்கள் கப்பலில் மட்டும் இல்லை, எதிரியின் ஆயுதத்திலும் இருக்கிறது.

இப்போது 200 ஸ்மாலுக்குப் பதில் ஒரே ஒரு ஹியூஜ், அதில் தானாகப் பழுது பார்க்கும் கருவி. அந்தக் கருவி ஒவ்வொரு சுற்றிலும் மொத்த உயிரில் 15 சதவீதத்தைத் திரும்பத் தரும். 600-க்கு 15 சதவீதம் 90. எதிரி அடிப்பது 80. அவன் எத்தனை சுற்று அடித்தாலும் உங்கள் கப்பல் உடையாது! இதே கருவியை ஸ்மாலில் வைப்பதில் அர்த்தமே இல்லை. செத்துப்போன கப்பலைப் பழுது பார்க்க முடியாது.

எதிரியின் அடி 80 இல்லாமல் 300 ஆக இருந்தால்? 90 திரும்ப வந்தும் பயனில்லை, மூன்றாவது சுற்றில் ஹியூஜ் காலி. 1200 பணமும், உள்ளே அடைத்த சாமான்களும் ஒரே நொடியில் போகும். ஹியூஜ் என்பது ‘என் எதிரி இந்த அளவுக்கு மேல் அடிக்க மாட்டான்’ என்று தெரிந்தவன் கட்ட வேண்டிய கப்பல். தெரியாதவன் வேவுக் கப்பலை அனுப்பிப் பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். கிராவிட்டான் பீம், டாக்கியான் பீம் போன்ற சில ஆயுதங்களில் மிஞ்சிய வலு வீணாகாமல் அடுத்த கப்பலுக்குப் பாயும். அயான் ஸ்ட்ரீம் புரொஜெக்டர் கும்பல் முழுவதையும் ஒரே நேரத்தில் பலவீனமாக்கும். எதிரியிடம் இவற்றைப் பார்த்த அன்றே ஸ்மால் கட்டுவதை நிறுத்துங்கள்.

சித்தி பையனின் ஹியூஜ் ஏன் தோற்றது?

அவன் கப்பலின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் புரிந்தது. உடல் முழுக்க லேசர். லேசரின் வலு 1 முதல் 4 வரை. எதிரிகளோ இரண்டாம் வகுப்பு ஷீல்டு போட்ட கப்பல்கள். ஷீல்டு ஒவ்வொரு குண்டிலும் தன் வகுப்பு எண்ணைக் கழித்துவிடும். 1, 2, 3, 4 நான்கும் சமமாக விழுவதாக வைத்துக்கொண்டால், ஷீல்டு இல்லாத எதிரிமீது சராசரி 2.5. இரண்டாம் வகுப்பு ஷீல்டு 2 கழித்தால் அந்த நான்கும் 0, 0, 1, 2 ஆகின்றன. சராசரி 0.75. நூறு லேசர் வைத்தவன் முப்பது லேசர்காரன் ஆகிவிட்டான். எதிரிக்கு நான்காம் வகுப்பு ஷீல்டு கிடைத்துவிட்டால் ஆயிரம் லேசர் இருந்தாலும் ஒரு கீறல்கூட விழாது.

இதில் உடலைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனாலும் உடலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அவன் கிரகம் வருடத்துக்குச் சுமார் நூறு பி.சி. கப்பல் வேலைக்கு ஒதுக்கியது. வெற்று உடலுக்கு மட்டும் பன்னிரண்டு வருடம். அவன் கட்டத் தொடங்கியபோது எதிரிக்கு ஷீல்டே இல்லை, முடித்தபோது இருந்தது. பெரிய உடல் கட்டுகிறவன் இன்றைய எதிரிக்காக அல்ல, பத்து வருடம் கழித்து வரப்போகும் எதிரிக்காகக் கட்ட வேண்டும். லார்ஜாக இருந்தால் அதே கிரகம் இரண்டே வருடத்தில் உடலை முடித்திருக்கும். எதிரி ஷீல்டு போட்டதைப் பார்த்ததும் டிசைனை மாற்றியிருக்கலாம்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு துறையில் ஆராய்ச்சி முன்னேற முன்னேற, அந்தத் துறையின் பழைய கருவிகள் சிறிதாகி, விலையும் குறையும். நேற்று லார்ஜுக்குள் திணற வைத்த சாமான்கள் இன்று அதே லார்ஜுக்குள் தாராளமாக அடங்கும். எனவே புது ஆராய்ச்சி முடியும்போதெல்லாம் டிசைன் பக்கத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். எதையும் கட்டாவிட்டாலும் பார்ப்பதற்குக் காசில்லை.

ஆறு இடங்களும் என் அழுகையும்

சித்தி பையனைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

இந்த விளையாட்டில் ஒரு நேரத்தில் ஆறு டிசைன்கள்தான் வைத்திருக்க முடியும். ஆரம்பத்திலேயே ஐந்து கொடுத்துவிடுவார்கள். ஏழாவது வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை அழிக்க வேண்டும். அழித்தால் டிசைன் மட்டும் போகாது. அந்த டிசைனில் கட்டிய கப்பல்கள், எங்கே இருந்தாலும், அத்தனையும் அந்த நொடியில் போய்விடும்.

பொறியியல் மூன்றாம் வருடம், செமஸ்டர் லீவு. ஹாஸ்டலில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் நான்கு நாளாக ஒரே ஆட்டம். பக்கத்தில் புல்ராத்தி என்ற கரடி இனம். தரைப்படையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. என் எல்லைக் கிரகங்களை ஸ்மால் கும்பல்கள்தான் காவல் காத்துக்கொண்டிருந்தன. நான் புதிதாக ஒரு லார்ஜ் குண்டுவீச்சுக் கப்பல் வரைந்தேன். ‘எதை அழிக்கலாம்?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. பட்டியலில் ஒரு பழைய பெயர். ஓட்டை லேசர் வைத்த ஸ்மால். எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. கிளிக்.

இருநூற்றுச் சொச்சம் கப்பல்கள். காவல் முழுவதும் அதுதான். அதுகூடப் பரவாயில்லை. பழக்க தோஷத்தில் உடனே சேவ் செய்தேன், அதுவும் எப்போதும் பயன்படுத்தும் ஒரே இடத்தில், பழையதன் மேலேயே. ஏழெட்டு வருடத்துக்குள் கரடிகள் நான்கு கிரகங்களில் இறங்கின. கிரகங்கள் போனதும் மக்கள்தொகை போனது. மக்கள்தொகை போனதும் பேரவையில் என் ஓட்டு போனது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி அவர்கள் தலைவர் பேரரசர் ஆனார். என் அறை நண்பன் ஊரிலிருந்து திரும்பி வந்து, “என்னடா மச்சான், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். முகம் அப்படி இருந்திருக்கிறது.

அதன் பிறகு நான் ஆறாவது இடத்தை நிரப்புவதே இல்லை. ஐந்து டிசைனோடு குடித்தனம் நடத்துகிறேன். வேவுக் கப்பல் ஒன்று, குடியேற்றம் ஒன்று, கிரகத்தைத் தாக்க ஒன்று, எதிரிக் கப்பல்களோடு மோத ஒன்று, போன தலைமுறைக் கப்பல் ஒன்று. புதிது வரும்போது காலி இடத்தில் வரைந்து, போதுமான அளவு கட்டி, எல்லைக்கு அனுப்பி நிறுத்திய பிறகுதான் போன தலைமுறையை அழிப்பேன். சேவ் செய்வதையும் மாற்றிக்கொண்டேன். ஒரே இடத்தில் மேலே மேலே எழுதாமல், இடங்களை மாற்றி மாற்றிச் சேமிப்பேன். ஆபீஸில் இன்று புரோகிராம் எழுதும்போதும் பழையதை அழிக்கும் முன் அது எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு முறை தேடுகிறேன். மேனேஜர் அதை அனுபவம் என்கிறார். எனக்குத் தெரியும், அது கரடிகள் சொல்லிக் கொடுத்தது.

சரி, எதைக் கட்டுவது?

முதல் ஐம்பது வருடம் வேவுக்கு ஸ்மால், குடியேற லார்ஜ், அவ்வளவுதான். யாராவது சண்டைக்கு வந்தால் ஏவுகணை வைத்த மீடியம் சில கட்டிச் சமாளிக்கலாம். மீடியத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை, அதன் காலம் சீக்கிரம் முடிந்துவிடும். நடு ஆட்டம் முழுவதும் என் ஓட்டு லார்ஜுக்குத்தான். சீக்கிரம் முடியும், தேவையான கருவிகள் அடங்கும், ஒன்று போனாலும் குடி முழுகாது. கருவிகள் சுருங்கிய பிறகு ஸ்மாலில்கூட ஒரு நல்ல ஆயுதம் அடங்கும் காலம் வரும், அப்போது ஸ்மால் கும்பலை மறுபடி யோசியுங்கள். பழுது பார்க்கும் கருவியும் நல்ல ஷீல்டும் கைக்கு வந்து, பணமும் மிதமிஞ்சி வரும்போது ஹியூஜ்.

சித்தி பையன் 2371-ம் வருடத்தில் சேமித்த ஓர் ஆட்டம் தப்பியிருந்தது. அங்கிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான். போன வாரம் எக்ஸெல் ஃபைல் ஒன்று அனுப்பினான். நான் சொன்ன ஆறு பத்திகளோடு, எதிரியின் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் என் கப்பல் எத்தனை சுற்று தாங்கும் என்று ஏழாவது ஒரு பத்தியும் சேர்த்திருந்தான். அதில் ஒரு வரிசையில் ஃபார்முலா தப்பு. இழுக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் எண் வந்து விழுந்திருக்கிறது. அதை எப்படிச் சரி செய்வது என்று கேட்டு நேற்று இரவு மறுபடி போன் செய்தான்.